சிங்க்குக்குக் கீழே ஒரு பஞ்சாயத்து

தில்லியின் பழைய அடுக்குமாடி வீடுகளில் தச்சரும் பிளம்பரும் மோதிக்கொள்ளும் இடம் சமையலறை சிங்க்கின் அடிப்பகுதி. குழாய் நகர வேண்டும் என்பார் தச்சர். பலகை நகரட்டும் என்பார் பிளம்பர். தில்லியில் இந்த பிளம்பர் பல சமயம் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்துக்காரராக இருப்பார். அங்கே பட்டாமுண்டாயில் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. வாதத்தில் அவரை வெல்வது கடினம்.

மேற்கு தில்லியில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் முதல் மாடி வீட்டிலும் இதுதான் நடந்தது. தச்சர் கொண்டுவந்த அலமாரி அழகாகவே இருந்தது. 18 மில்லிமீட்டர் பிளைவுட். பின்பக்கம் முழுப் பலகை. சுவரிலிருந்து ஏழு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வால்வுகளை மட்டும் யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

வால்வுகளைக் கழற்றிவிட்டு, பலகையில் சின்னத் துளை போட்டு மாட்டிவிடலாம் என்றார் தச்சர். பிளம்பர் ஸ்பானரைத் தொடவே இல்லை. முப்பது வருட இரும்புக் குழாய், உள்ளே துரு. வெளியே வால்வைத் திருகினால் சுவருக்குள் இருக்கும் மரை உடையும். அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டும். அதற்குள் தண்ணீர் கீழ்வீட்டுக்குப் போய்விடும்.

வீட்டுக்காரருக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமானதாக இருந்தது. முன்பு ஒருமுறை கசிந்து கீழ்வீட்டு சமையலறைக் கூரையில் மஞ்சள் திட்டு படிந்தது. அந்த வீட்டு அம்மாள் இரண்டு வருடம் பேசவில்லை. தீபாவளி இனிப்புகூடத் திரும்பி வந்தது.

எனவே பலகைதான் வழிவிட்டது. குழாய் பருமனுக்குத் துளை போட்டால் வால்வு நுழையாது. இரண்டு வால்வும் தாராளமாக நுழைகிற ஒரு ஜன்னல் வேண்டும். பழைய செய்தித்தாளைச் சுவரில் பதித்து, வால்வுகளைச் சுற்றி வெட்டி, அதையே அளவாக எடுத்தார்கள். தச்சர் தாளைப் பலகையின் வெளிப்பக்கத்தில் அப்படியே வைத்துக் கோடு போட ஆரம்பித்தார். "இடது வலது மாறிடுச்சே!" என்று கத்தியவர் வீட்டுக்கார அம்மாள். அவர் கத்தியிருக்காவிட்டால் இரண்டாவது பலகை வாங்க வேண்டியிருந்திருக்கும்.

வெட்டிய விளிம்புகளுக்கு பெயின்ட் அடிப்பதை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டாகவே இருந்தாலும் இந்தப் பூச்சு வீண் செலவல்ல. ஈரம் முதலில் ஏறுவது அந்த விளிம்பில்தான்.

பிளாஸ்டிக் கழிவுக் குழாய் தொல்லை தரவில்லை. கையால் கழற்றி அடிப்பலகைத் துளை வழியாக இறக்கிவிட்டார்கள். ஆனால் தரையிலுள்ள நஹானி டிராப் அலமாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. அவ்வப்போது அதைச் சுத்தம் செய்தாக வேண்டும். முழங்கால் வலிக்கார அம்மாளால் படுத்துக்கொண்டு கையை விட முடியுமா? அடிப்பலகையில் ஒரு துண்டைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யச் சொன்னார். தச்சர் முணுமுணுத்தார். செய்தார்.

கடைசியில் சிங்க்கை நிரப்பி, அடைப்பை ஒரேயடியாக எடுத்தார்கள். ஒரு வளையத்தில் சொட்டியது. வாஷரை மாற்றியதும் நின்றது. ஆனாலும் அம்மாள் குழாய்க்கு அடியில் ஒரு தாளை விரித்து வைத்திருக்கிறார். தினமும் காலையில் காபிக்குப் பால் வைப்பதற்கு முன் அதைத் தொட்டுப் பார்க்கிறார்.