காற்றுக்கு வரம்பு கட்டிய கதை

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஊரில் ஹயர் கார் ஓடிப் பிழைத்தவன். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களில், வளர்ந்த பெடியன்களோடு மல்லுக்கட்டும் தகப்பன்மார் பலர் இருப்பீர்கள். உங்களுக்காக, 2002 ஆம் ஆண்டு கோடையில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கனடாவுக்கு வந்து ஐந்து வருடம். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பேக்கரியில் இரவு வேலை. மூத்தவனுக்கு 20 வயது. கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுவிட்டு, ரயர் மாற்றும் கடை ஒன்றில் நின்றான். சம்பளம் முழுவதும் ஒரு பழைய ஹொண்டா சிவிக் காருக்குள் போனது. அதற்கு ரேர்போ பூட்டப் போகிறானாம். நான் ஏசினேன். அவன் பேச்சை நிறுத்தினான். ஒரே வீட்டுக்குள் இரண்டு மாதம் நாங்கள் முகம் பார்க்கவில்லை. தாய்தான் நடுவில் நின்று தவித்தாள்.

ஒரு நாள் காலையில் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி வருகிறேன். அவனுடைய கார் எங்கள் தெரு ஏற்றத்தில் உறுமிக்கொண்டு வந்தது. உறுமலுக்குள் இன்னொரு சத்தம். பால்மாப் பேணிக்குள் சிறுகல் போட்டுக் குலுக்கியதுபோல. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.

1990 இல் சண்டை மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. நாங்கள் கார்களை மண்ணெண்ணெயில் ஓடினோம். சிறு போத்தலில் இருக்கும் பெற்றோலில் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அழுத்தமும் சூடும் கூடினால் மண்ணெண்ணெய் பொறுத்திருக்காது. பிளக் பற்றவைத்த நெருப்பு வந்து சேருமுன், மிச்சம் தானாகவே வெடிக்கும். அந்த வெடிதான் பேணிச் சத்தம். 1993 இல் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு கொடிகாமத்தைத் தாண்டி வரும்போது, என்னுடைய ஏ40 இன் பிஸ்ரன் அந்த வெடியில் உடைந்தது. நோயாளியை லாண்ட்மாஸ்ரர் ஒன்றில் மாற்றி ஏற்றி அனுப்பினேன். அவர் பிழைத்தார், கார் பிழைக்கவில்லை. அன்றைக்குப் பெற்றோல் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவன் இவன்தான். அப்போது 11 வயது.

சாப்பிடக்கூடப் போகாமல் நேரே கராச்சுக்குப் போனேன்.

"தம்பி, பொனற்றைத் திற."

"நீங்கள் விடுங்கோ அப்பா. உது உங்களுக்கு விளங்காது."

"ஏ40 செத்த சத்தம் கேட்குது. திற."

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு திறந்தான்.

ரேர்போ எனக்குப் புதிது. அவன்தான் விளங்கப்படுத்தினான். என்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சில்லைச் சுழற்றும். அதே அச்சிலுள்ள மற்றச் சில்லு வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். கூடுதல் காற்று, அதற்கேற்ற கூடுதல் பெற்றோல், கூடுதல் பலம். அல்பிரட் பூகி என்ற சுவிஸ்காரர் 1905 இலேயே இதற்கு உரிமம் எடுத்துவிட்டாராம்.

ஆனால் சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் மிச்சம் தெரியும். பம்மின் அடிப்பக்கம் சுடும். அழுத்திய காற்றுச் சூடாகும். வெளியில் 28 பாகை என்றால், அரை வளிமண்டல அளவு கூடுதலாக அழுத்தும்போது ரேர்போவிலிருந்து வரும் காற்று 80 பாகையைத் தாண்டும். சூடான காற்று ஐதானது. அதனால் பலமும் குறையும், பேணிச் சத்தமும் வரும். அதைக் குளிரவைக்கத்தான் இன்ரர்கூலர். றேடியேற்றர் மாதிரியே ஒன்று. உள்ளே தண்ணீருக்குப் பதிலாக அழுத்திய காற்று ஓடும், வெளிக்காற்று குறுக்கே போய்ச் சூட்டை எடுக்கும்.

இவனும் ஒன்று பூட்டியிருந்தான். எங்கே? றேடியேற்றருக்குப் பின்னால். பம்பரை வெட்ட மனமில்லை, வெளியே தெரியவும் கூடாதாம். றேடியேற்றரைத் தாண்டி வரும் காற்று ஏற்கனவே கொதித்த காற்று. சுடுதண்ணீருக்குள் வைத்து மோரைக் குளிரவைக்க முடியுமா?

கடையிலிருந்து வயர் முனையுள்ள வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். முனையை என்ஜினுக்குள் காற்றுப் போகும் குழாயில் செருகினோம். 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் அதே வளைவில், அதே வேகத்தில் அவன் ஓட்ட, நான் பக்கத்திலிருந்து வாசித்தேன். 68 பாகை.

அடுத்த ஞாயிறு பம்பரை வெட்டி இன்ரர்கூலரை முன்னுக்குக் கொண்டுவந்தோம். 55. அவன் சந்தோசப்பட்டான். எனக்குத் திருப்தியில்லை.

பம்பருக்கும் இன்ரர்கூலருக்கும் இடையில் கை போகிற இடைவெளி. தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்குத் தெரியும், வரம்பில் ஒரு உடைவு இருந்தால் தண்ணீர் பாத்திக்கு வராது. காற்றும் அப்படித்தான். நெருக்கமான தகடுகளுக்குள் நுழைந்து கஷ்டப்படாது, சுற்றிக்கொண்டு ஓடிவிடும். "தம்பி, வரம்பு கட்டவேணும்" என்றேன். அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து, வாயிலிருந்து இன்ரர்கூலர் வரைக்கும் நாலு பக்கமும் அடைத்தோம். ஓரங்களுக்குப் பஞ்சு நாடா. வெட்டியது அவன், பிடித்தது நான். 41 பாகை! பேணிச் சத்தம் போன இடம் தெரியவில்லை.

வேலை அத்தோடு முடியவில்லை. 401 இல் கார்கள் ஊர்ந்த ஒரு பின்னேரம், தண்ணீர்ச் சூட்டு ஊசி சிவப்பை நோக்கி ஏறியது. இன்ரர்கூலர் எடுத்த சூடு பின்னாலிருந்த றேடியேற்றரின் முகத்தில் அடித்திருக்கிறது. இன்ரர்கூலரைக் கீழே இறக்கி, றேடியேற்றரின் மேல்பாதிக்குத் திறந்த வழி விட்டோம். அதன் ஓரங்களையும் அடைத்தோம். காற்றுக்கு உள்ளே வர வழி வேண்டும், வெளியே போகவும் வழி வேண்டும்.

சில ரேர்போ கார்களில் இன்ரர்கூலரை என்ஜினுக்கு மேலேயே வைத்திருப்பார்கள். சுபாரு இம்பிரேசா ரேர்போ கார்களின் பொனற்றில் இருந்த வாய் அதற்குத்தான். குழாய் குறுகியது, காலை அழுத்தியதும் பலம் கெதியாக வரும். ஆனால் சிக்னலில் நின்றால் கீழேயிருந்து சூடேறும். முன்னுக்கு வைத்தால் குளிர்ச்சி, குழாய் நீளம். எங்கே வைத்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கவேண்டும்.

கார் ஓடத் தொடங்கியதும் நான் ஒரு நிபந்தனை போட்டேன். காரை மாற்றியதை இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லவேண்டும். சொல்லாமல் ஓடி விபத்தென்றால், பணம் தர மறுக்கலாம். சொன்னான். மாதக் கட்டணம் ஏறியது. தெருவில் போட்டிக்கு ஓடினால் வீட்டுக்கு வராதே என்றும் சொன்னேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரில் தாயை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய்வருவான்.

2004 இல் அதை விற்றுவிட்டு, மெக்கானிக் வேலை முறைப்படி பழகப் போனான். விற்ற அன்று, "அப்பா, அந்தப் பெற்றோல் போத்தல் என்ரை காலெல்லாம் ஊத்துண்டது ஞாபகமிருக்கோ?" என்று கேட்டான். இத்தனை வருடமாகச் சண்டையைப் பற்றி வாய் திறக்காத பிள்ளை.

எனக்கு இங்கிலீசு அவ்வளவாக வராது. அவனுக்குத் தமிழ் எழுத வராமல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஸ்பானரை நீட்டுவதற்குப் பாஷை தேவைப்படவில்லை. உங்கள் பிள்ளையும் எதையோ கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தால், ஏசுவதற்கு முன்னம் ஒரு லைற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பாருங்கள்.