கதவுகள் மறைந்த கால்வாய்

சென்னை அசோக் நகருக்கு வருவோர் முதற்கண் காண்பது நான்கு சிங்கங்களைத் தலையில் தாங்கி நிற்கும் தூணாகும். தூணைச் சுற்றி ஓயாது சுழலும் வண்டிகளின் இரைச்சலில், தெற்கே சிறிது தொலைவில் ஓர் ஆறு ஓடுகிறது என்ற நினைவு இங்குக் குடியிருப்போருள் பலருக்கு எழுவதேயில்லை. ஜாஃபர்கான்பேட்டைக்கும் ஈக்காட்டுத்தாங்கலுக்கும் இடையே அடையாறு தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாட்களில் அது கரை கடந்து தெருக்களுக்குள் புகுந்தபோதுதான், ஆற்றங்கரையில் வாழ்கிறோம் என்பதை இப்பகுதி மக்கள் தெளிவாக உணர்ந்தனர். அவ்வெள்ளத்திற்குப்பின், ஆறு எவ்வழியே சென்று எங்கே கடலைச் சேர்கிறது என்று சிறுவர்கள் கேட்கத் தலைப்பட்டனர். அக்கேள்விக்கு விடை காண, நாங்கள் சிலர் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஆற்றைத் தொடர்ந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம்.

சைதாப்பேட்டைப் பாலத்தில் சற்று நின்றோம். இன்று மறைமலையடிகள் பெயரைத் தாங்கும் இப்பாலத்திற்கு முன்னோடியாக இங்கே இருந்தது, 1726-இல் பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டிய பாலம். பரங்கிமலைமீது ஏறும் படிக்கட்டுகளை அமைத்தவரும் இவரே. தோமையாரின் நினைவு தங்கிய சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் திருப்பயணிகள் ஆற்றுநீரில் இறங்காமல் செல்ல வேண்டுமென்று அவர் விரும்பினார் போலும். பெரியமலைத் திருநாளுக்குச் செல்லும் நம் குடும்பங்கள், படியேறும்போது அந்த வணிகரையும் ஒரு நொடி நினைத்துக்கொண்டால் நன்று.

எங்கள் நாட்டம் பாலத்தின்மேல் இல்லை. சைதாப்பேட்டையைக் கடந்து ஆறு கோட்டூர்புரத்தை அடையும் இடத்தில், வடக்கிலிருந்து மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக ஒரு கால்வாய் வந்து ஆற்றில் கலக்கிறது. எதிர்க்கரையில் அதே கால்வாய் மீண்டும் பிரிந்து, திருவான்மியூர்ப் பக்கமாகத் தெற்கே போகிறது. அதுவே பக்கிங்காம் கால்வாய். அதன் நடுவே தூண்களை ஊன்றி மேலே பறக்கும் ரயில் செல்கிறது. கோட்டூரில் ஒரு தெருவுக்கு "லாக் தெரு" என்று பெயர். பெயர்ப்பலகையைப் படித்த சிறுவன் ஒருவன், "இங்கே பூட்டுச் செய்கிறவர்கள் இருந்தார்களா, பெரியப்பா?" என்று எங்களுள் மூத்தவரைக் கேட்டான். சேப்பாக்கத்தருகே கூவத்தின் பக்கமாக "லாக் நகர்" என்றொரு குடியிருப்பும் உண்டு என்பதை அவர் சொன்னதும், அவன் குழப்பம் இன்னும் மிகுந்தது. இரண்டு ஆறுகள், இரண்டு கரைகள், இரண்டிலும் அதே பெயர்!

பூட்டுத்தான், ஆனால் வீட்டுக்குப் போடும் பூட்டு அன்று. கால்வாயில் தோணி விட்ட மக்கள் "லாக்கு" என்றழைத்த அமைப்பு, ஏரிமதகைப்போல் ஒரே கதவுடையதல்ல. கால்வாயின் குறுக்கே சற்று இடைவெளி விட்டு இரண்டு இடங்களில் கதவுகள் இருக்கும். இடையிலுள்ள பகுதி, ஒரு தோணி நுழைந்து நிற்குமளவுக்கு, இருபுறமும் சுவர் எழுப்பிய தொட்டி. தாழ்ந்த நீரிலிருந்து வரும் தோணி தொட்டிக்குள் நுழைந்ததும், பின்கதவை மூடிவிடுவர். பின்பு முன்கதவிலுள்ள சிறு திறப்பைத் திறந்தால், மேற்புறத்து நீர் மெல்ல உள்ளே பாய்ந்து தோணியை ஏந்தி உயர்த்தும். இருபுறமும் நீர் மட்டமானபின் முன்கதவு எளிதாகத் திறக்கும். எந்திரமோ, மாட்டின் பலமோ வேண்டியதில்லை. பல டன் சுமையைத் தூக்குவது நீரே. மனிதன் செய்வது திறப்பதும் மூடுவதுமே.

உப்புநீரோடும் நம் கால்வாய்க்கு இவ்வமைப்பு எதற்கு என்று கேட்கலாம். கடற்கரையை ஒட்டிச் சமநிலத்தில் ஓடும் இக்கால்வாயில் ஏறி இறங்க மலையில்லை. ஆனால் வழியில் கொற்றலை, கூவம், அடையாறு, பாலாறு எனக் கடலை நாடிச் செல்லும் ஆறுகளை அது கடந்தாக வேண்டும். ஆற்றுமுகத்தில் கடல் ஏறும்; பின் வற்றும். மழைக்காலத்திலோ வெள்ளம் மணலையும் வண்டலையும் வாரிக்கொண்டு வரும். ஆறும் கால்வாயும் கூடுமிடத்தில் கதவில்லையேல், ஒருநாள் கால்வாயில் நீர் வடிந்து தோணி தரைதட்டும்; மறுநாள் வெள்ளம் புகுந்து அதைத் தூர்த்துவிடும். ஆகவேதான் ஆறு கடக்கும் இடங்களில் கதவுகள் வேண்டியிருந்தன.

இக்கலையின் பிறப்பிடம் சீனம். 984-ஆம் ஆண்டில், பெருங்கால்வாயில் தானியப் படகுகளைச் சரிவுகளில் இழுத்தேற்றுகையில் அவை உடைவதையும், அந்தக் குழப்பத்தில் தானியம் களவு போவதையும் கண்ட சியாவ் வெய்யூயே என்னும் அதிகாரி, இரு கதவுகளுக்கிடையே நீரைத் தேக்கிப் படகை உயர்த்தும் முறையை ஏற்படுத்தினார். களவைத் தடுக்க எண்ணியவர், உலகுக்கே ஒரு நீர்வழியைத் திறந்துவைத்தார்!

ஐரோப்பாவில் இக்கதவுகளின் வரலாறு ஒரு பேராலயத்தோடு பிணைந்தது. மிலான் நகரின் பேராலயத்திற்கு 1386-இல் பணி தொடங்கியது. அதற்குரிய இளஞ்சிவப்புச் சலவைக்கல் கண்டோலியா மலைச்சுரங்கத்திலிருந்து வரவேண்டும். கற்பாளங்கள் மஜ்ஜோரே ஏரியைக் கடந்து, திச்சீனோ ஆற்றில் இறங்கி, பெருங்கால்வாய் வழியே நகரெல்லைவரை வந்து சேர்ந்தன. நகர அகழியின் நீர்மட்டமோ கால்வாயைவிட உயரம். கோயிலருகே கல்லைக் கொண்டுசேர்க்க, 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியரென்னா என்னுமிடத்தில் நீர்க்கதவு அமைக்கப்பட்டது. கோயிற்பணிக்குரிய சுமைகள் சுங்கமின்றிச் செல்ல, அவற்றின்மீது "கோயிற்பணிக்காக" என்னும் பொருள்தரும் மூன்று இலத்தீன் எழுத்துகளைப் பொறித்தனர். இன்று மிலான் பேராலயத்தின் கோபுரங்களை வியந்து நோக்குவோருள் எத்தனை பேர், அக்கற்கள் நீரின்மீது படியேறி வந்தவை என்பதை அறிவர்?

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே மிலானில் பணியாற்றியவர் லியொனார்டோ தா வின்சி. இராவுணவு ஓவியத்தைத் தீட்டிய அதே கை, நீர்க்கதவுகளையும் நுணுக்கமாக வரைந்திருக்கிறது. இரு கதவுகளும் நேர்கோட்டில் பொருந்தாமல், கைகூப்பினாற்போல் ஒரு கோணத்தில், உயர்ந்த நீரை நோக்கிச் சேர்கின்றன. நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக அவை மூடிக்கொள்ளும். 1914-இல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாயின் பெருங்கதவுகள் இரும்பால் ஆனவை. எனினும் அவை சேரும் விதம் இதுவே.

ஓவியர்களுக்கும் இக்கதவுகள்மேல் தனி ஈடுபாடு இருந்திருக்கிறது. வெனிஸ் நகரத்துக் கனலெத்தோ, பிரெந்தா நதியிலுள்ள தோலோ என்னும் சிற்றூரின் நீர்க்கதவுகளைச் செதுக்குப் படமாக்கினார். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் ஸ்டவர் ஆற்றங்கரை மாவாலைக்காரர் ஒருவரின் மகன். தந்தையின் சரக்குப் படகுகள் அவ்வாற்றில் ஓடின. 1824-இல் அவர் காட்சிக்கு வைத்த "லாக்" என்னும் ஓவியத்தில் அரசனோ வீரனோ இல்லை. உடல்வலிவெல்லாம் திரட்டிக் கதவின் திறப்பை நெம்பும் ஒரு தொழிலாளியே நடுநாயகம். கீழே தொட்டியில் ஒரு படகு காத்திருக்கிறது. தொலைவில் டெடம் ஊர்க் கோயிலின் கோபுரம் தெரிகிறது. 2012-இல் அவ்வோவியம் லண்டனில் 2 கோடியே 24 இலட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. கதவை நெம்பியவருக்கு அன்று கிடைத்த கூலியை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

நம் கால்வாயின் கதை 1806-இல் தொடங்குகிறது. பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அவர் பெயராலேயே வழங்கிற்று. 1837-இல் அரசு அதை ஏற்றது. காலப்போக்கில் வடக்கே பழவேற்காட்டைக் கடந்து ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் வரையும், தெற்கே மரக்காணம் வரையும் அது நீண்டது. ஆயினும் சென்னைக்குள் கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடைப்பட்ட சுமார் 8 கிலோமீட்டர் வெட்டப்படாமலே கிடந்தது. வடகால்வாயும் தென்கால்வாயும் இரண்டு துண்டுகளாக நின்றன.

அத்துண்டுகளை இணைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடுமையைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் குறித்தனர். பிழைப்புத் தேடிக் கிராமங்களைவிட்டுச் சென்னைக்கு வந்து குவிந்த மக்களுக்கு நிவாரண வேலையாக, 1877-78-இல் இந்த 8 கிலோமீட்டரும் தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. 1877-இன் தொடக்கத்தில், செலவைச் சுருக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரணப் பணியில் நாள்முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். அது உயிரைத் தாங்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. கால்வாய்க்குக் கோமகனின் பெயர் நிலைத்தது. மண்ணை வெட்டிச் சுமந்தவர்களுக்கு ஒரு கல்வெட்டும் இல்லை.

அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் இந்நீர்வழி சென்னையின் அடுப்பை எரித்தது என்றே சொல்லலாம். ஸ்ரீஹரிக்கோட்டைக் காடுகளின் விறகு, ஆந்திரத்து நெல், கடற்கரை உப்பளங்களின் உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் தோணிகளில் வந்தன. காற்றிருந்தால் பாய் விரிப்பர். இல்லையேல் கயிறு கட்டிக் கரைமேல் நடந்து இழுப்பர்.

அத்தகைய தோணியில் நண்பர்களோடு மாமல்லபுரம் சென்ற பாரதிதாசன், "மாவலிபுரச் செலவு" என்று அப்பயணத்தைப் பாடியிருக்கிறார். கால்வாயின் அழகை நுகர்ந்துகொண்டே செல்லும் கவிஞர், ஓரிடத்தில் தோள்மீது கயிறு மாட்டிக் கரையில் நடந்து இழுப்பவனையும், பின்னாலிருந்து கோலால் உந்தித் தள்ளுபவனையும் காண்கிறார். அதன்பின் அவர்தம் இன்பம் முன்போல் இல்லை. நம் லாக்குகளுக்கு ஒரு கான்ஸ்டபிள் வாய்க்கவில்லை. ஆயினும் இழுப்பவனை நடுநாயகமாக்க ஒரு கவிஞர் வாய்த்தார். இவ்விரண்டில் எங்களுக்கு எதில் பெருமிதம் அதிகம் என்று கேட்டால், தயங்காமல் கவிதையையே சொல்வோம்.

ரயிலும் லாரியும் தோணியின் தொழிலைச் சிறிதுசிறிதாகப் பறித்தன. 1965-66, 1976 ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, பழுதுபார்ப்பாரும் குறைந்தனர். நகரின் கழிவுநீர் அதில் இறங்கியது. 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் மயிலை வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியபோது, அதன் தூண்கள் பல இடங்களில் கால்வாய்ப் படுகையிலேயே ஊன்றியிருந்தன. தோணிக்குத் திறக்கக் கட்டிய கதவுகள், தோணியே இல்லாத நீரில் பயனற்றுப் போயின. மயிலாப்பூரில் 1516-இல் எழுப்பப்பட்ட பிரகாச மாதா ஆலயம் இருக்கிற ஊரில், 1878-இல் முடிந்த கால்வாயைப் பழைமை என்று மதிப்பார் இல்லை.

ஆனால் 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், கடற்பேரலை எழுந்தபோது, கைவிடப்பட்ட இக்கால்வாய் சென்னைக்கு வடக்கே ஆந்திரம் வரை பல இடங்களில் அலைநீரைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, அப்பால் இருந்த ஊர்களைக் காத்தது. வறண்டும் குறுகியும் கிடந்த பள்ளம் தன்னாலியன்றதைச் செய்தது. 2008-இல் மைய அரசு இதைத் தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதியாக அறிவித்தது. கோட்டூர்புர ரயில் நிலையத்தின் மேல்தளத்திலிருந்து கீழே கருத்துக் கிடக்கும் நீரைப் பார்ப்போருக்கு, அந்த அறிவிப்பு வேறேதோ ஊரைப் பற்றியது போலத் தோன்றும்.

இதற்கிடையே மனிதர் கதையும் ஒன்றுண்டு. கால்வாய்க் கரையிலும் ஆற்றுக் கரைகளிலும் தலைமுறைகளாகக் குடிசையிட்டு வாழ்ந்த குடும்பங்கள் பல, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப்பின் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. வெள்ளத்திலிருந்து அவர்களைக் காப்பது தேவைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் மயிலாப்பூரையும் அடையாற்றையும் நம்பியிருந்தவர்கள், இன்று விடியுமுன் பேருந்துக்கு நின்று, அதே தெருக்களுக்கு வேலைக்கு வருகிறார்கள். பஞ்சத்தில் தோண்டியவர்களின் வழிவந்தோரும் அவர்களுள் இருக்கக்கூடும், யார் கணக்கெடுத்தார்கள்?

மாலையில் நாங்கள் திரு.வி.க. பாலத்தின்மேல் நின்று, ஆறு கடலைச் சேரும் முகத்தைச் சிறுவர்களுக்குக் காட்டினோம். மணல்திட்டு விலகி முகம் திறந்திருக்கும் நாட்களில், கடல் நாளுக்கு இருமுறை ஆற்றுக்குள் ஏறி, கோட்டூர்புரத்தில் கால்வாய் கூடுமிடத்தை நாடி வருகிறது.