சட்டி விட்டுச் சென்ற வட்டம்

வீட்டு விரிப்பில் படிந்த கறையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் கொண்டுவந்த பொருள்கள் சிலவே. அவற்றுள் ஒன்று கெடுமாயின் அதற்கு ஈடாக வேறொன்றை வாங்கிவிடலாம். ஆயினும் அதனோடு வந்த நினைவை வாங்க இயலாது. ஆகவே, பூச்சட்டியும் துளசிச் சட்டியும் விரிப்பின்மேல் விட்டுச் செல்லும் கறையைப் போக்கும் முறைகளை, என் தாயாரிடம் கண்டவற்றோடும் பின்னர்க் கற்றவற்றோடும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மலையில் மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியார், குமுளி ஆகிய இடங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தைச் சேர்ந்தன. எல்லை எங்கே அமைந்தாலும், நம் வீட்டுத் திருமணச் சீரில் பவானி ஜமக்காளத்துக்கு ஓர் இடம் உண்டு. காவிரியும் பவானியும் கூடும் அவ்வூரில், தடித்த பருத்தி நூலால், பட்டை பட்டையாக வண்ணம் தோன்ற நெய்யப்படும் அவ்விரிப்பு, புவிசார் குறியீடும் பெற்றதாகும்.

என் தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். எங்கள் குடியிருப்பு லயத்தில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை மண்ணில் ஊன்றலாமே என்று நான் சிறுவயதில் கேட்டபோது, “நிலத்தில் நட்டது தோட்டத்துக்கு, சட்டியில் நட்டது நமக்கு” என்று அவர் விடை கூறினார். அச்சொல்லின் பொருள், அவர் ஓய்வு பெற்று நாங்கள் பாலக்காட்டுக்குக் குடிபெயர்ந்த நாளில்தான் எனக்கு விளங்கியது. துளசியும் கறிவேப்பிலையும் எங்களோடு வண்டி ஏறின. அடுத்த வீட்டார் மண்ணில் வளர்த்த கொய்யா அங்கேயே நின்றது.

மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். அம்மழையில் வேர் அழுகாதிருக்கச் சட்டிகளை உள்ளே எடுத்து வைப்பது வழக்கம். இருப்பதோ ஒரே அறை. ஜமக்காளத்தின் ஓரமே சட்டிக்கு இடம். சுடுமண் சட்டி நீரைக் கசியவிடும் இயல்புடையது. கசிந்த நீரைப் பருத்தி நூல் உறிஞ்சி வெளிப்புறமாகப் பரப்பும். நீர் ஆவியாகிப் போக, அதிற் கரைந்திருந்த உப்பும் சாயமும் விளிம்பில் தங்கிவிடும். கறை வட்டமாகவும், ஓரத்தில் அழுத்தமாகவும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

கறையைப் போக்குமுன் அது எதனால் உண்டாயிற்று என அறிதல் வேண்டும். நோய் அறியாமல் மருந்து கொடுப்பதில் பயன் இல்லை அன்றோ? சட்டிக் கறை பெரும்பாலும் ஐந்து வகைப்படும்.

முதலாவது, மண் கறை. இது சாயம் அன்று. நூலிடையே புகுந்த துகள். ஈரமாயிருக்கையில் தேய்த்தால் உள்ளே இறங்கும். நன்றாக உலரவிட்டு, விரிப்பைத் தலைகீழாகத் தட்டி, மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். எஞ்சியதைச் சிறிது திரவ சோப்புக் கலந்த தண்ணீரால் ஒற்றி எடுக்கலாம்.

இரண்டாவது, வெள்ளை வளையம். சித்தூரின் கிழக்குப் பகுதியைப் போலக் கடின நீர் உள்ள ஊர்களில் இதனைக் காணலாம். சுண்ணாம்புச் சத்தும் உர உப்பும் படிவதால் வருவது. ஒரு பங்கு வினிகரை மூன்று பங்கு தண்ணீரிற் கலந்து ஒற்றினால் சுண்ணாம்பு கரையும். பின்னர் நல்ல நீரால் அலச வேண்டும்.

மூன்றாவது, பழுப்புக் கறை. இக்காலத்தில் பலரும் மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவைச் சட்டியில் இடுகின்றனர். அதிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் வடியும் துவர்ப்பு நீரே இதற்குக் காரணம். கட்டிச் சோப்பை இதன்மேல் தேய்த்தல் கூடாது; அதன் காரம் துவர்ப்புக் கறையைக் கருக்கச் செய்யும். இதற்கும் வினிகர் நீரே ஏற்றது.

நான்காவது, துருக் கறை. சட்டியை இரும்பு முக்காலியின்மேல் வைப்போர் வீட்டில் உண்டாவது. எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்துக் கறையின்மேல் இட்டு, உலரவிடாமல் அரைமணி நேரம் வைத்து அலசினால் துரு கரையும். துருவும் துவர்ப்பு நீரும் ஒன்றுசேர்ந்தால் கறை கருநீலமாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது. அங்கே தெரிந்து செய்த மை, இங்கே தெரியாமல் உண்டாகிறது! எலுமிச்சையின் புளிப்பு இதனையும் மெல்ல மெல்ல இளக்கும். இரண்டு மூன்று முறை செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, பூஞ்சணம். இது கரும்புள்ளிகளாகவும் வாடையாகவும் வெளிப்படும். ஈரம் இரண்டு நாள் தங்கினால் போதும், பூஞ்சணம் தொடங்கிவிடும். விரிப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் புள்ளிகளைத் தட்டிவிட்டு, சோப்பு நீரில் துவைத்து, வெயிலில் இருபுறமும் காயவைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? என் தாயார் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். நனைந்த ஜமக்காளத்தைச் சுருட்டி, கம்பத்துக்குச் செல்லும் பேருந்தில், அங்கிருந்த என் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோவார். குமுளி மலைச்சாலை இறங்கினால் மழை மேற்கே நின்றுவிடும். கீழே வெயில் காயும். இரண்டு நாள் வெயில் குடித்த விரிப்பு மீண்டும் மலை ஏறும். “ஜமக்காளத்துக்கும் தாய்வீடு வேண்டாமா?” என்று சித்தி நகைப்பார். அந்தச் சாக்கில் அக்காளும் தங்கையும் இரண்டு நாள் மனம்விட்டுப் பேசிக்கொண்டார்கள் என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

எவ்வகைக் கறைக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. எந்த மருந்தையும் முதலில் மறைவான ஓரத்தில் இட்டு, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்க்கவேண்டும். வண்ணம் துணியில் ஏறினால் அதனை விட்டுவிடுக. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுக, தேய்க்கற்க. வண்ண ஜமக்காளத்துக்குப் பிளீச்சிங் பவுடர் ஆகாது. துருவின்மேல் இட்டால் கறை மேலும் ஊன்றிவிடும். கம்பளி விரிப்புக்குச் சலவைச் சோடாவும் வெந்நீரும் பகை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளீச்சிங் பவுடரையும் வினிகர், எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருளையும் ஒருபோதும் சேர்த்தல் கூடாது. குளோரின் என்னும் நச்சு வாயு எழுந்து மூச்சை அடைக்கும். காற்றோட்டமற்ற சிறு அறையில் அது உயிருக்கே கேடாகும்.

வெளிநாட்டிலும் பெருநகரங்களிலும் வாடகை வீட்டில் வாழும் நம் பிள்ளைகளின் இல்லங்களில் தரையோடு ஒட்டிய கம்பளங்கள் உள்ளன. அவற்றில் நீரை மிகுதியாக ஊற்றினால் கறை அடியில் இறங்கி, உலரும்போது மறுநாள் மீண்டும் மேலே வரும். சிறிதளவு நீரே தெளித்து ஒற்றி, உலர்ந்த வெள்ளைத் துணியை மடித்து வைத்து, சாயம் போகாத ஒரு பாரத்தை அதன்மேல் இரவு முழுவதும் ஏற்றி வைத்தால், எஞ்சிய ஈரமும் கறையும் துணிக்கு ஏறும்.

நூலே இற்றுப்போன இடத்தையும், வெளுத்துப்போன வண்ணத்தையும் எம்முறையாலும் மீட்க இயலாது. அப்பகுதியை வெட்டி நீக்கி, ஓரம் தைத்து, மிஞ்சியதைக் குழந்தை அமரும் சிறு விரிப்பாக ஆக்கிக்கொள்ளலாம்.

கறைக்கு அஞ்சிச் செடியையே துறந்துவிட்ட வீடுகள் சிலவற்றை அண்மையில் கண்டேன். அதனாலேயே இவ்வளவும் எழுத நேர்ந்தது. சொந்த நிலம் இல்லாதவனுக்குச் சட்டி மண்ணே நிலம். சட்டியின்கீழ் விளிம்புள்ள தட்டு ஒன்றை வைத்து, அதனை மரக்கட்டைகளின்மேல் உயர்த்தி, வாரம் ஒருமுறை அடியில் கையால் தடவி ஈரம் பாருங்கள். தட்டில் நின்ற நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். இவ்வளவு கவனம் இருந்தால் பாட்டி கொடுத்த ஜமக்காளமும் வாழும். பேரன் கிள்ளிக் கொடுக்கும் கறிவேப்பிலையும் ரசத்தில் மணக்கும்.