பண்டிதர் கேட்ட கேள்வி

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் இலக்கியக் கட்டுரையையே எதிர்பார்த்திருப்பர். யான் எழுதப் புகுவதோ குருதியையும் பிளாத்திக்கையும் பற்றி. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரம் பெற்ற காலத்திலும் விஞ்ஞானத்தைத் தூரத்தில் நின்றே வணங்கியவன் யான். எனினும் இதனை எழுதப் பணித்தவர் எனக்கு இக்கல்லூரியிலே தமிழ் கற்பித்த பண்டிதர். அவர் சொல்லை மீறிப் பழக்கமில்லை.

பண்டிதரின் சிறுநீரகங்கள் செயலிழந்து ஈராண்டாகின்றது. வாரத்தில் இருமுறை, நான்கு மணி நேரம், அவருடைய குருதி உடலைவிட்டு வெளியேறி, இயந்திரத்திற் பொருத்திய வடிகட்டியினூடாகச் சென்று மீள்கின்றது. துணைக்குச் செல்பவன் யான். வடிகட்டி ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள உருளை. அதனுள்ளே மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு உள்விட்டமுள்ள குழல்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் அடங்கியுள்ளன.

ஒருநாள் இடைநடுவில் அவ்வுருளையிற் கருஞ்சிவப்புக் கோடுகள் தோன்றின. குருதி உறைந்துவிட்டது. தாதியர் விரைந்து வந்து வேறு வடிகட்டி மாற்றினர். பண்டிதரின் முகத்தில் அதற்குமுன் காணாத அச்சத்தை அன்று கண்டேன். திரும்பும் வழியில், முச்சக்கரவண்டியில், அவர் கேட்டார்:

"தம்பி, 78 வருடம் என்ரை நரம்புக்குள்ளை உறையாமல் ஓடின இரத்தம், அந்தக் குழாயைக் கண்டதும் ஏன் உறைய வேணும்?"

"தெரியாது ஐயா" என்றேன்.

"தெரிஞ்சவனைக் கேள்."

கேட்டேன். என்னிடம் தமிழ் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்பிக்கும் மாணவர் ஒருவர் பொறுமையோடு விளக்கினார். குருதியிலுள்ள புரதங்கள், நீரை வெறுக்கும் பகுதிகளிற் பெரும்பாலானவற்றை உள்ளே மடித்துவைத்து, நீரை விரும்பும் பகுதிகளை வெளியே காட்டி மிதப்பவை. குழலோ பல்பகுதியத்தாலானது. அதன் பரப்பும் நீரை வெறுப்பதாயின், இடையே நின்ற நீர் மூலக்கூறுகள் விலக, புரதம் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றது. ஒட்டியபின் மடிப்புக் குலைந்து விரிகின்றது. குருதி தொட்ட சில கணங்களுள்ளேயே, சில நானோமீற்றர் தடிப்பான படையில், இது தொடங்கிவிடுகின்றது. நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்திலொரு பங்கு. பைபிரினோஜன் என்னும் புரதம் ஏறத்தாழ 47 நானோமீற்றர் நீளமானது. அது பரப்பிலே உருமாறினால் மறைந்திருந்த பகுதிகள் வெளிப்படும். குருதிச் சிறுதட்டுக்கள் அவற்றைப் பற்றிக்கொள்ளும். உறைதலுக்கு அது வழிவிடும். ஆகவே குருதி சந்திப்பது வெறும் பிளாத்திக்கை அன்று, அதன்மேற் படிந்த தன் புரதங்களையே. இதைத் தணிப்பதற்காகவே நீரை விரும்பும் வேறொரு பல்பகுதியத்தையும் குழலிற் கலக்கின்றனர். உறையாதிருக்க ஹெப்பாரின் மருந்தும் ஏற்றுகின்றனர்.

இவ்வாறு பரப்பில் மட்டும் ஒட்டுவதற்குப் புறத்துறிஞ்சல் என்றும், கடற்பஞ்சு நீரை உள்ளிழுப்பது போன்றதற்கு அகத்துறிஞ்சல் என்றும் எம் நாட்டுக் கலைச்சொற்கள் உள்ளன. இதனைச் சொன்னபோது, "அகமும் புறமும் இரசாயனத்திலையும் வந்திட்டுதோ!" என்று பண்டிதர் சிரித்தார். அந்நாளுக்குப் பின் அவர் சிரித்தது அதுவே முதன்முறை.

மாணவர் இன்னொன்றும் சொன்னார். பரப்பை முதலில் அடைவது எண்ணிக்கையில் மிகுந்த, சிறிய அல்புமின். பின்னர் அதனை அகற்றிவிட்டுப் பைபிரினோஜன் போன்ற பெரியவை இடம் பிடிக்கும். அவற்றையும் அகற்ற வேறு புரதங்கள் வரும். பந்தியில் முந்தி வந்தவரை எழுப்பிவிட்டு உறவினர் அமர்வதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். 1960களில் இதனை ஆராய்ந்தவர் லியோ விரோமன். அவர் பெயராலேயே இவ்விளைவு வழங்குகின்றது. 1915 இல் ஒல்லாந்திற் பிறந்த அவர், 1940 இல் ஜேர்மன் படை புகுந்தபோது நாட்டைவிட்டு வெளியேறி, ஜாவாவில் யப்பானியரின் போர்க்கைதியாகி, போரின் பின் அமெரிக்காவில் குருதியை ஆராய்ந்தார். அதே ஒல்லாந்தில், அதே போர்க்காலத்தில், 1943 இல், கம்பன் என்னும் ஊரில் வில்லெம் கொல்ஃப் என்னும் மருத்துவர் இறைச்சி அடைக்கும் செலோபேன் உறையைச் சுற்றி முதற் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார் என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். ஊரின் பெயர் எமக்கு இனித்ததில் வியப்பில்லை.

விரோமன் டச்சு மொழியிற் பெயர்பெற்ற கவிஞருமாவார். 2014 இல், 98 வயதில், காலமானார். இதைக் கேட்ட பண்டிதர் வடிகட்டியை மறந்தார்.

"கவிஞனோ? அவன்ரை பாட்டு ஒண்டு கொண்டா."

தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்திற் கிடைத்த ஒன்றை அகராதியின் துணையோடு பெயர்த்து, சென்ற செவ்வாய்க்கிழமை எடுத்துச் சென்றேன். ஊசி ஏற்றிய இடக்கையை அசையாது வைத்துக்கொண்டு, வலக்கையால் இரு சொற்களை வெட்டி, ஓரிடத்தில் வல்லெழுத்து மிகாது என்று குறித்தார். மூன்றாம் அடி அவருக்கு இன்னும் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை திருத்திக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.