குளக்கட்டும் ஓட்டப் பாதையும்

விழா மலருக்கு விளையாட்டுத் துறை பற்றி ஏதேனும் எழுதியனுப்புமாறு மலராசிரியர் கேட்டபோது, உதைபந்தாட்டத்தையோ கிரிக்கெட்டையோ பற்றி எழுதுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். அவ்விரண்டிலும் நான் என்றும் பன்னிரண்டாம் ஆளாகவே இருந்தவன் என்பதை விடுதித் தோழர்கள் அறிவர். ஆகவே, மைதானத்தை விட்டு, எழுபத்தாறாம் வயதில் கம்பி வேலியோரம் நின்று கண்டுகளித்த ஒரு பருவத்து மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளைப் பற்றி எழுதத் துணிகின்றேன். அதற்கு முன் சாகாமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாகாமம் திருக்கோவிலுக்கு மேற்கே குளமும் வயலுமாக இருக்கும் எங்கள் ஊர். அங்கே என் அம்மான் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர். அவரிடம் ஒரு ட்றயம்ப் மோட்டார் சைக்கிள் இருந்தது. 1937-ஆம் ஆண்டில் எட்வர்ட் டேர்ணர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் வகுத்தளித்த 'ஸ்பீட் ட்வின்' என்னும் இரட்டைச் சிலிண்டர் வண்டி அது, கருஞ்சிவப்பு நிறம். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆனால் ஒன்று மாறி ஒன்று வெடிக்கும். ஆதலால் அதன் ஓசை தப்பாத தாளம் போலச் சீராக ஒலிக்கும். மாலையில் குளக்கட்டில் அவ்வொலி கேட்டால், "ஓவசியர் ஐயா வாறார்" என்று வயலில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அம்மான் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தைக்குப் போய் ஓட்டப் பந்தயம் பார்த்து வருவார். போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்கென இடப்பட்ட ஓடுதளம் அது. சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரமும் அவ்வாறே போர் விட்டுச் சென்ற ஓடுதளந்தான். குண்டு போடச் சென்ற விமானங்களின் பாதையில் பின்னர் இளைஞர்கள் பந்தயம் ஓடினர். போர் செய்த நன்மைகளுள் இதையும் எண்ணிக்கொள்ளலாம் போலும். அம்மான் திரும்பி வந்து, அங்கே கண்டதையெல்லாம் கட்டின்மேல் கோடு கீறிக் காட்டுவார்.

1963-ஆம் ஆண்டு விடுமுறையில் ஒரு மாலை அவர் மதகுக் கதவைப் பார்க்க இறங்கியபோது, அவர் அனுமதியின்றி நான் வண்டியை எடுத்தேன். எனக்குப் பதினைந்து வயது. பதினொரு வயதுத் தம்பி பின்னால் ஏறிக்கொண்டான். எதிரே மாடுகள் வந்தன. பதறிப்போய் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தேன். சரளைக்கல்லில் முன் சில்லு சுழலாமல் சறுக்கியது, வண்டி சாய்ந்தது. எனக்குச் சிராய்ப்பு மட்டுமே. தம்பியின் வலது முழங்கால் வண்டிக்கடியில் அகப்பட்டது. அக்கரைப்பற்று முஸ்லிம் அன்பர் ஒருவர் நெல் ஏற்ற வந்த லொறியில் மூட்டைகளை இறக்கிவிட்டு அவனைக் கல்முனைக்குக் கொண்டு சென்றார். உயிருக்குப் பழுதில்லை, ஆனால் அந்த முழங்கால் பின்னர் ஒருபோதும் முழுதாக மடங்கவில்லை.

தந்தையார் விசாரித்தபோது, "தம்பி பின்னால் இருந்து ஆடினான், அதனால் விழுந்தோம்" என்று சொன்னேன். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தம்பி வாய் திறக்கவில்லை. அம்மான் அடுத்த மாதமே வண்டியை விற்றுவிட்டார். விடுமுறை முடிந்து நான் கல்லூரி விடுதிக்குத் திரும்பினேன். அதன்பின் நான் எந்த மோட்டார் சைக்கிளிலும் ஏறியதில்லை.

1990-இல் ஊர் கலைந்தபோது கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தேன். தம்பி சில ஆண்டுகளில் சாகாமத்துக்கே திரும்பிக் குளத்தின் கீழ் எங்கள் வயலைச் செய்து வருகின்றான். கோவையில் பந்தயக் கார்கள் கட்டிப் புகழ்பெற்று, 1995-இல் விமான விபத்தில் இறந்த கரிவரதன் என்பாரின் பெயரால், செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீற்றர் நீளமான ஓட்டப் பாதை ஒன்றுண்டு. அங்கே 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் என்னை இழுத்துச் சென்றவன் என் மகள் வயிற்றுப் பேரன். அவனுக்கு வயது பதினேழு. ஓட்டப் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவன் பிடிவாதம், சேர்வதற்குத் தாயின் கையொப்பம் வேண்டும், தாய் மறுத்துவிட்டாள். "தாத்தா பார்த்துச் சொல்லட்டும்" என்று தீர்ப்பு என்னிடம் வந்தது.

நாங்கள் பார்த்தது ராயல் என்பீல்ட் கொண்டினென்டல் ஜீ.ரி. கிண்ணப் போட்டி. 2021-இல் தொடங்கியது. சென்னைத் திருவொற்றியூரில் ஒற்றைச் சிலிண்டர் புல்லட் வண்டிகளைச் செய்து பெயரெடுத்த நிறுவனம், இப்போது 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டியில் இளைஞர்களை ஓடவிடுகின்றது. எல்லோருக்கும் ஒரே வகை வண்டி. எனவே பணமுள்ளவன் முந்துவான் என்பதற்கு இடமில்லை. வண்டியின் வலிமையால் மட்டும் வெற்றி வருவதில்லை என்பது பழைய செய்திதான். 1907-இல் மான் தீவில் நடந்த முதலாவது ரி.ரி. போட்டியில் இரட்டைச் சிலிண்டருக்கெனத் தனிப் பிரிவு வைத்தார்கள். நோர்ட்டன் வண்டியில் ரெம் பவுளர் அப்பிரிவை வென்றார். ஆயினும் ஒற்றைச் சிலிண்டர் மச்லெஸ் வண்டியில் வந்த சார்லி கொலியர் அவரினும் வேகமாக ஓடி முடித்திருந்தார்!

பேரன் வெற்றி தோல்விகளைக் குறித்துக்கொண்டிருந்தான். நானோ சுற்றுக்குச் சுற்று ஒரே வளைவிலேயே நின்றேன். நேர்ப்பாதையின் முடிவில் அவர்கள் முன் பிரேக்கைப் பிடிக்கும் விதத்தைப் பார்ப்பதே என் வேலையாயிற்று. எடுத்த எடுப்பில் இறுகப் பிடிப்பதில்லை. முதலில் மெல்லத் தொடுகின்றார்கள். வண்டியின் பாரம் முன்னே சாய்ந்து முன் ரயரைத் தரையோடு அழுத்துகின்றது. அழுத்தம் ஏற ஏறப் பிடியை இறுக்குகின்றார்கள். வளைவில் வண்டி சாயச் சாயப் பிடியைத் தளர்த்துகின்றார்கள். பாரம் முன்னே வருமுன் இறுக்கினால் சில்லு பூட்டிக்கொள்ளும். அறுபத்தொரு ஆண்டுகளுக்கு முன் என் வலக்கை செய்தது அதுவேதான். பின்னால் இருந்தவன் ஆடினானா இல்லையா என்பதற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இது எனக்கு முன்னரே தெரியாததன்று. ஆனால் கண்முன்னே ஒருவர் பின் ஒருவராக வந்து செய்து காட்டும்போது ஒளிந்துகொள்ள இடமில்லாமற் போயிற்று.

நவம்பரில் இறுதிச் சுற்றன்று தம்பி தொலைபேசியில் அழைத்தான். ஓசையைக் கேட்க வேண்டும் என்றான். வேலியருகே தொலைபேசியை நீட்டிப் பிடித்தேன். இவ்வண்டியின் சுழல்தண்டு 270 பாகைக் கணக்கில் அமைந்தது. வெடிப்புகளின் இடைவெளி சமமாக இராது.

"இது அம்மாண்ட சத்தம் இல்லையே அண்ணன்," என்றான். "என்னைப் போல நொண்டுது." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அச்சிரிப்பைத் தாங்க முடியாமல் அவ்விடத்திலேயே சொன்னேன்: "தம்பி, அண்டைக்கு நீ ஆடல்ல. நான்தான் முன் பிரேக்கைப் பிடிச்சனான்."

வண்டிகள் இருமுறை சுற்றி வரும்வரை மறுமொழி இல்லை.

"பின்னுக்கு இருந்தவனுக்கு அது தெரியாதா அண்ணன்?" என்றான். பிறகு கேட்டான்: "இந்தப் பந்தய வண்டியில பின்னுக்கு ஆள் இருக்க இடம் இருக்கா?"

"இல்லை."

"அப்ப பொடியன் ஓடட்டும்."

அன்றிரவு மகளிடம் தாளை நீட்டிக் கையொப்பம் இடச் சொன்னேன். இட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.