ஏழு நொடித் தாளமும் எட்டுத் தட்டும்

சேலையூரில் ஆசிரியராக இருக்கும் நண்பர் போன மாதம் கைபேசியில் ஓர் இசைத் துண்டை அனுப்பினார். "என்கிட்ட படிச்ச பையன் பண்ணது. கேளுங்க. பிடிச்சா ஒரு நாள் நேர்ல போய்ப் பாருங்க. அவங்க அப்பாவையும் பாத்துட்டு வாங்க" என்றார். கிண்டியில் மின்ரயில் ஏறி அதைக் காதில் மாட்டினேன். ஐந்து நிமிடம். ஒரு வார்த்தை கிடையாது. மேலே டிரம்ஸ் தலைதெறிக்க ஓடுகிறது, அடியில் பேஸ் நிதானமாக நடக்கிறது. நடுவில் எல்லாம் அடங்கி, தண்டவாளம் பிரியும் இடத்தில் ரயில் பெட்டி தடதடக்கும் ஓசை மட்டும் கேட்கிறது. குரோம்பேட்டை வருவதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெரு. மாடிக்கு மேலே தகரக் கூரை போட்ட அறை. சுவரெல்லாம் பழைய மெத்தைகளும் முட்டை அட்டைகளும். ஸ்பீக்கர் இரண்டும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை. ஒலிப்பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் கிளம்பினால், அதன் சத்தம் அடங்கும்வரை வேலையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். இசையைச் செய்த அந்தத் தம்பிக்கு இருபத்தாறு வயது. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், ராத்திரியில் இது.

இந்த இசைக்கு ஜங்கிள் என்று பெயர். அதன் தொடர்ச்சிதான் டிரம் அண்ட் பேஸ். 1990களின் தொடக்கத்தில் லண்டனிலும் பிற இங்கிலாந்து நகரங்களிலும், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அவர்களோடு வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சேர்ந்து உருவாக்கியது. ஜமைக்காவின் கனத்த பேஸ், அமெரிக்கப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்து வேகமாக்கிய டிரம்ஸ், இரண்டும் சேர்ந்தால் ஜங்கிள். 1997-ல் ரோனி சைஸ் குழுவின் 'நியூ ஃபார்ம்ஸ்' இங்கிலாந்தின் மெர்குரி பரிசைப் பெற்றது. இரண்டு வருடம் கழித்து, இந்த வேகத்துக்குள் தபேலாவைக் கொண்டுவந்த தல்வின் சிங்கின் 'ஓகே' அதே பரிசை வாங்கியது.

தம்பி முதலில் என்னை ஏழு நொடி கேட்க வைத்தார். வெறும் டிரம்ஸ், நாலு பார், அதாவது நாலு தட்டு கொண்ட நாலு சுற்று. 1969-ல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருந்த 'ஆமென், பிரதர்' என்ற உருப்படியில், மற்றவர்கள் எல்லாரும் நிறுத்திக்கொள்ள, டிரம்மர் கிரிகரி கோல்மன் தனியாக வாசித்த இடம் அது. முதல் இரண்டு பாரும் ஒரே நடை. மூன்றாவதில் ஸ்நேர் அடி ஒன்று தாமதமாக விழுகிறது. நாலாவதில் முதல் தட்டு காலி. பிறகு சிம்பல் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து மோதுகிறது. "அந்தக் காலி இடம்தான் சார் உயிரே. அதுல கால் வெச்சுத்தான் மறுபடி மொதல்லேர்ந்து குதிக்க முடியுது" என்றார். ஜங்கிள் உலகத்தில் இந்த ஏழு நொடியை வெட்டி ஒட்டாதவர்கள் அபூர்வம்.

கோல்மன் வாசித்தது நிமிடத்துக்கு ஏறத்தாழ 137 தட்டு வேகத்தில். ஜங்கிளுக்கு 160, 170 வேண்டும். பழைய நாட்களில் இசைத்தட்டை வேகமாகச் சுழற்றுவதுபோலவே செய்தார்கள். வேகம் ஏறும்போது சுருதியும் கூடவே ஏறும். 137-ஐ 170 ஆக்கினால், ஹார்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால், ஏறக்குறைய நாலு கட்டை தள்ளி உட்காரும். ஜங்கிள் டிரம்ஸில் கேட்கும் அந்தக் கூர்மையான, பதறிய குரல் இப்படி வந்ததுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திரும்பத் திரும்பச் சுற்றும் லூப் ஒன்றைச் செய்வது ஒரு ராத்திரி வேலை. டிரம்ஸ், பேஸ், மேலே ஒரு மெட்டு; பதினாறு பார் அமோகமாக இருக்கும். மறுநாளும் அதே பதினாறு பார்தான் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு அடுத்த நாளும் அதேதான். தம்பியின் கணினியில் இப்படி நின்றுபோன லூப்புகள் நூற்றுக்கும் மேல் கிடக்கின்றன. "லூப்புன்றது செக்கு மாடு சார். நல்லா சுத்தும், ஆனா ஊர் போய்ச் சேராது" என்றார்.

ஊர் போய்ச் சேர அவர் வைத்திருக்கும் வழி, முதலில் இருப்பதையெல்லாம் நீளத்துக்கும் பரப்பிவிடுவது. 170 வேகத்தில் ஒரு பாருக்கு ஒன்றரை நொடிகூட ஆகாது. 208 பார் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஆறு நொடி குறைவு. அந்த 208 பாரிலும் லூப்பை அப்படியே நட்டுவிட்டு, பிறகு களை எடுக்க உட்காருகிறார். முதல் 32 பாரில் பேஸைப் பிடுங்கிவிடுகிறார். டிரம்ஸின் மேல்சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. இதை வாசிக்கும் டிஜே முந்தைய பாட்டோடு இழைத்துக்கொள்ள அந்த இடம் வேண்டும். அடுத்த 16 பாரில் ஒவ்வொன்றாக உள்ளே விடுகிறார். கடைசியான 48-வது பாரில், எல்லாம் ஏறி நிற்கும்போது, ஒரு முழுப் பாருக்கு மொத்த ஓசையையும் வெட்டிவிடுகிறார். ஒரு நிமிடம் எட்டாவது நொடியில் பேஸோடு முழு டிரம்ஸும் வந்து விழுகிறது. இதைத்தான் டிராப் என்கிறார்கள். அங்கிருந்து 64 பார் ஓட்டம். பிறகு 32 பார் அடக்கம். நான் கேட்ட ரயில் ஓசை வரும் இடம் அதுதான், தாம்பரம் யார்டு பக்கம் நின்று அவரே பதிவு செய்தது. அதன்பின் 48 பார் இரண்டாவது ஓட்டம், 16 பார் இறக்கம்.

கணக்கு அவ்வளவுதான். அந்த 64 பாரைச் சலிக்காமல் நகர்த்துவதில்தான் தொழில் இருக்கிறது. எட்டு பாருக்கு ஒரு முறை ஏதாவது ஒன்று மாற வேண்டும். பதினாறாவது பாரின் முடிவில் மாறியது காதுக்கு நன்றாகவே தெரிய வேண்டும். ஓர் இடத்தில் ஒரு கிக் இல்லாமல் போகும். இன்னோரிடத்தில் ஸ்நேரை நறுக்கி ரோல் ஆக்குவார். பேஸ் அரைப் பாருக்கு மூச்சை அடக்கும். நமக்கு இது புதிதில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் செய்வதும், கோயில் வாசலில் தவில்காரர் செய்வதும் இதுதான்: ஒரு நடையைக் காதில் பழக்கி, பழகியதும் உடைத்து, தீர்மானம் வைத்து அடுத்த நடைக்குப் போவது. வித்தியாசம், இங்கே கை செய்ய வேண்டியதைச் சுட்டி செய்கிறது.

அந்த வித்தியாசம்தான் தம்பியை இரண்டு வருடம் தடுத்து நிறுத்தியது. திரையில் கட்டம் கட்டமாகத் துண்டுகளை நகர்த்தி வைத்தார். கணக்கு சரியாக வந்தது, உயிர் வரவில்லை. ஒரு நாள், கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்த அப்பாவின் பேடை வெளியே எடுத்தார்.

ரோலண்ட் எஸ்பிடி-20. கறுப்புப் பெட்டி, மேலே எட்டு ரப்பர் தட்டுகள். தமிழ்நாட்டில் மெல்லிசைக் கச்சேரி பார்த்தவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ரோலண்ட் கம்பெனி 1985-ல் கொண்டுவந்த ஆக்டோபேடின் வாரிசு இது. குச்சியால் தட்டினால் தபேலா, டோலக், கைதட்டல் என்று பல ஓசைகள் ஒலிக்கும். இந்தப் பெட்டியின் நடுவில் இரண்டு தட்டுகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. ஓரத்தில் இன்சுலேஷன் டேப். குங்குமப் பொட்டு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

கீழே போய்த் தம்பியின் அப்பாவைப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயது. "உக்காருங்க தம்பி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். டோலக்தான் முதலில் கற்றது. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று இந்த வட்டாரத்தின் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் முப்பது வருடம் வாசித்திருக்கிறார். "மொதல்ல ட்ரூப்ல அஞ்சு தாளக்காரங்க இருந்தோம். தபேலா, டோலக், டிரம்ஸ், காங்கோ, டேப். பேடு வந்ததும் ஒரே ஆளு போதும்னுட்டாங்க. கடன் வாங்கி நான் பேடு வாங்கினேன். அதனால நான் நின்னேன். மத்த நாலு பேரு போய்ட்டாங்க. ஒருத்தர் ஆட்டோ ஓட்டப் போனாரு. அது இன்னைக்கும் மனசுல உறுத்துது தம்பி" என்றார்.

பிறகு கீபோர்டிலேயே தாளம் ஓடும் 'ஸ்டைல்' வந்தது. அதற்குப் பிறகு பென் டிரைவில் முழுப் பாட்டின் டிராக்கையும் போட்டுவிட்டு ஒருவர் பாடினால் போதும் என்றானது. இவருக்கு அழைப்பு வருவது நின்றது. அதற்கு முன்னால் ஒரு நாள், தெரிந்த ஒருவர் கோடம்பாக்கத்தில் ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். மைக் வைத்து, குத்து நடை, கல்யாண நடை, கரகாட்ட நடை என்று விதவிதமாக டோலக்கில் வாசிக்கச் சொன்னார்கள். சாயங்காலம் ஒரு நாள் பேட்டா கொடுத்து அனுப்பினார்கள். காகிதம் எதுவும் எழுதவில்லை. நாலு வருடம் கழித்துப் பெருங்களத்தூரில் ஒரு வரவேற்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேடையில் கீபோர்டிலிருந்து ஒரு தாளம் ஓடியது. "என் கை தம்பி அது. மூணாவது சுத்துல நான் ஒரு இடத்துல கைய இழுத்துப் போடுவேன். அது அப்படியே வருது. வாசிக்கறவருக்கு யாரு கைன்னு தெரியாது. இலைய மடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன்."

இதைக் கேட்டபோது கிரிகரி கோல்மன் நினைவுக்கு வந்தார். அவருடைய ஏழு நொடி ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஓடியது. அவருக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. வீடில்லாத மனிதராக 2006-ல் இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கு 2015-ல் இசை ரசிகர்கள் தாங்களாகவே 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். அது நன்றிக்காகத் தந்த பணம். உரிமையாக வந்திருக்க வேண்டியது வரவே இல்லை.

கோல்மனுக்கும் டோலக்காரருக்கும் நடுவில் கடல் இருக்கிறது; அநியாயம் ஒன்றுதான். வாசித்தவருக்கு ஒரு நாள் கூலி. பதிவு செய்து விற்றவருக்கு ஆயுளுக்கும் வருமானம். நடுவில் நிற்பவர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். மகனையும் இந்தக் கை விடவில்லை. விளம்பரப் படங்களுக்கு இசை பிடித்துக் கொடுக்கும் ஒருவர், தம்பி மூன்று வாரம் உழைத்த ஒரு டிராக்கை மூவாயிரம் ரூபாய்க்கு 'மொத்த உரிமையும்' என்று எழுதி வாங்கிப்போயிருக்கிறார். மொத்த உரிமை என்றால் என்ன என்று கேட்கும் தைரியம் இருபத்திரண்டு வயதில் எவருக்கு வரும்? சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நிகழ்த்துகிற கலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்கும் உரிமையும், தன் பெயரைச் சொல்லச் சொல்லும் உரிமையும் சேர்ந்தன. ஆனால் பேட்டா வாங்கிக்கொண்டு கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரிடம் இதை யாரும் சொல்வதில்லை. காகிதம் இல்லாத இடத்தில் சட்டம் என்ன செய்யும்?

மாலையில் இருவரும் வேலை செய்வதைப் பார்த்தேன். பெரியவர் மாடி ஏறி வந்து பேடின் முன்னால் உட்கார்ந்தார். பேடிலிருந்து ஒரு கம்பி கணினிக்குப் போகிறது. கோல்மனின் தாளத்தையும், அப்பாவே புதிதாக வாசித்துக் கொடுத்த டோலக்கையும் துண்டு துண்டாக வெட்டி, எட்டுத் தட்டுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார் மகன். 170 வேகத்தை எப்படி வாசிப்பார் என்று நினைத்தேன். அவர் அதை 85 ஆகவே பிடித்தார். கால் பேஸோடு மெல்ல நடந்தது, கை மட்டும் டிரம்ஸோடு ஓடியது. எட்டு பாருக்கு ஒரு மாற்றம் என்று யாரும் எண்ணவில்லை. மாற வேண்டிய இடத்தில் கை தானாக மாறியது. ஓர் இடத்தில் தகதிமியில் ஓடிக்கொண்டிருந்ததை இரண்டு பாருக்கு தகிட நடைக்குத் திருப்பி, மறுபடி சரியாக முதல் தட்டில் கொண்டுவந்து வைத்தார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் கையை இழுத்துப் போடும் அந்த இடத்தையும் கேட்டேன். பிறகு ஒரு மணி நேரம் ஒலியைச் சீர் செய்யும் வேலை நடந்தது. அதைத் தாண்டிப் போகிறேன். முடிந்ததும், பேஸ் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, தெருமுனையில் நின்ற ஒரு ஷேர் ஆட்டோவின் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். ஓட்டுநர் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

கிளம்பும்போது தம்பி ஒரு நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு பக்கம். தாளம் யார், பேஸ் யார், எந்தத் துண்டு எங்கிருந்து, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி, அப்பாவும் மகனும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் கேட்ட டிராக்கின் பக்கத்தில் முதல் வரி அப்பாவின் பெயர். இரண்டாவது வரி கிரிகரி கோல்மன், 1969.

லூப்பை வைத்து வேலை செய்யும் பிள்ளைகளே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, அந்த நோட்டை மறக்காதீர்கள். ஒருவரை வாசிக்க வைத்து மைக்கை அணைத்ததும், அவர் கிளம்புவதற்கு முன்னால், அவர் பெயரையும் பங்கையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.