கேப்டனுக்குப் பின்னால் நின்றவர்கள்

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை மாலைகளில் கூடிப் படிக்கிறோம். கல்லூரி மாணவர்கள், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள், எங்களைப் போல களப்பணியில் இருப்பவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவோம். போன வாரம் பேச எடுத்துக்கொண்டது கேப்டன் லட்சுமியின் வாழ்க்கை. ஆரம்பிப்பதற்குள் ஒரு மாணவி கேட்டுவிட்டாள்: "அக்கா, அவங்க பெரிய இடத்துப் பொண்ணு. நம்ம ஆளுங்களப் படிக்கவே நேரம் பத்தல, இவங்க எதுக்கு?"

கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்காமல் அவருடைய குடும்பத்திலிருந்தே தொடங்கினோம்.

லட்சுமி 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா சுவாமிநாதன் பெயர்பெற்ற வழக்கறிஞர், பாலக்காட்டுப் பிராமணர். அம்மா அம்மு, ஆனக்கரையைச் சேர்ந்த நாயர் பெண். அந்தக் காலத்துக் கேரளத்தில் பிராமண ஆணுக்கும் நாயர் பெண்ணுக்கும் 'சம்பந்தம்' உண்டு, சமமான மனைவி என்ற இடம் கிடையாது. சுவாமிநாதன் அதை மீறி அம்முவை முறையாக மணந்தார். அம்மு பிறகு அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒருவரானார். அதே சபையில் இருந்த ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவை நிறைவேற்றிய சபை அது. அம்முவின் பெயரைச் சொல்லும்போது தாட்சாயணியின் பெயரையும் சேர்த்துச் சொல்ல நாம் பழக வேண்டும்.

லட்சுமியின் சிறுவயதுச் சம்பவம் ஒன்று உண்டு. பாட்டி வீட்டைச் சுற்றிய காடுகளில் பழங்குடி மக்கள் இருந்தார்கள். அவர்கள் நிழல் பட்டாலே தீட்டு என்பார் பாட்டி. ஒருநாள் லட்சுமி நேராகப் போய் ஒரு பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்து விளையாடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாட்டிக்குக் கோபம், பேத்திக்கும் கோபம். இதைக் கேட்டதும் எங்கள் வட்டத்துத் தம்பி ஒருவன் சொன்னான்: "கையப் புடிச்ச பொண்ணோட பேரு தெரியுது. கை குடுத்த பொண்ணோட பேரு தெரியலையே?"

அன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போனது.

1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற லட்சுமி, 1940இல் சிங்கப்பூர் போனார். அங்கே பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943 ஜூலையில் நேதாஜி பெண்கள் படை பற்றி அறிவித்தபோது முன்வந்து ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றார். அக்டோபரில் அமைந்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் பெண்கள் நலத் துறையும் அவரிடமே இருந்தது.

படையில் சேர்ந்தவர்கள் யார்? பெரும்பாலோர் மலேயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். கங்காணிகள் ஆள்பிடித்துக் கப்பலேற்றிய குடும்பங்களின் மகள்கள். அப்படிப் போனவர்களில் கணிசமானோர் பறையர், பள்ளர் உள்ளிட்ட நம் மக்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, லயத்தில் படுத்து, துரைக்கும் கங்காணிக்கும் பயந்து வளர்ந்த பெண்கள். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அந்த நாட்களில்தான் இந்தப் பெண்களின் கையில் துப்பாக்கி வந்தது.

இந்திய தேசிய ராணுவத்தில் சாதி, மத வித்தியாசமின்றி எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. சிங்கப்பூர் செட்டியார் கோயில் நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதி, மதத்து அதிகாரிகளும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்றார். கோயில் இறங்கி வந்தது. ஆயிரம் வருடமாக மாறாது என்று சொல்லப்படுவது, ஒருவர் உறுதியாக நின்றால் ஒரே நாளில் மாறும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் போர் முடிந்ததும் அதிகாரிகள் வீடு திரும்பினார்கள், தோட்டத்துப் பெண்கள் பால்மரத்துக்குத் திரும்பினார்கள். பந்தியில் இருந்த சமத்துவம் வரலாற்றுப் பக்கத்துக்கு வரவில்லை. இன்று நமக்குப் பெயர் தெரிந்த ராணிகளில் பலர் படித்த, வசதியான வீட்டுப் பெண்கள். ஜானகி தேவருக்கு 2000இல் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ச்சி. அவரோடு அணிவகுத்த பால்மரக்காரிகளுக்கு?

இந்த இடத்தில் எங்கள் பகுதி மூதாட்டி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் பெரியம்மா மலேயாவில் துப்பாக்கி பிடித்தவர் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறார். கிழவி கதை விடுகிறது என்று தெருவில் சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால், முதலில் கேட்டபோது நாங்களும் பாதிதான் நம்பினோம். சமூகவியல் படித்தவர்கள், ஆதாரம் கேட்டோம். "போட்டோ இருக்கா பாட்டி, காகிதம் இருக்கா?" அவர் சொன்னார்: "லயத்துல ஏதுப்பா போட்டோ? வந்தவ மேல்துணியோட வந்தா."

தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் ஆறு மாதச் சிறைவாசம் மூன்று மாதமாகத் தளர்த்தப்பட்டிருக்கிறது. ஆனால் மூன்று மாதமானாலும் காகிதம் வேண்டும். அதிகாரியின் குடும்பத்துக்குக் காகிதம் தானாகச் சேரும்: கல்லூரிப் பட்டம், பத்திரிகைப் படம், மகள் சொல்லும் நினைவுகள். கூலியின் குடும்பத்துக்கு வாய்ச்சொல் மட்டும்தான். அதையும் கதை என்று தள்ளினால் மிச்சம் என்ன?

லட்சுமி மேல் எங்களுக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. 1945இல் பிடிபட்டு 1946 மார்ச்சில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1947 மார்ச்சில் லாகூரில், செங்கோட்டை வழக்கில் நின்ற பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். அங்கே ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1984இல் விஷவாயு பாதித்த போபாலுக்கு மருத்துவக் குழுவோடு போனார். 2002இல் இடதுசாரிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலை 23 அன்று இறந்தபின் அவருடைய உடலும் மருத்துவக் கல்லூரிக்கே போனது. பிறந்த இடத்தின் வசதியை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே அந்த மாணவிக்கு எங்கள் பதில் இதுதான்: இவரைப் படிப்போம், இவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைத் தேடுவதற்காகவும் படிப்போம். தேட வேண்டிய இடம் தூரத்தில் இல்லை. தோழர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: நம் குடும்பத்திலிருந்து கப்பலேறியது யார், எந்தத் தோட்டம், திரும்பி வந்தார்களா? பதிலைப் போனில் பதிவு செய்யுங்கள், பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் முதல் பெயரை எழுதிவிட்டோம். பெரியம்மாவின் பெயரைச் சொல்லும்போது பாட்டி எழுந்து நின்றார்.